ஊருக்குப் போற பெரியாக்களே, ஆறு மாசக் கணக்கை நம்பி ரிக்கெட் போடாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்ரெம்பர் பிறந்தால் போதும், உங்கட பேப்பரில கொழும்பு ரிக்கெட், சென்னை ரிக்கெட் விளம்பரம் பக்கம் பக்கமா வரத் தொடங்கிடும், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருக்கிற வயசுபோன ஆக்கள் சூட்கேசை இறக்கித் தூசு தட்டத் தொடங்கிடுவினம். வெள்ளைக்காரர் குளிருக்கு புளோரிடா, அரிசோனா எண்டு போறவை, அவையளை ஸ்நோபேர்ட் எண்டு சொல்லுறது, எங்கட ஆக்களிலயும் கொஞ்சப்பேர் புளோரிடாவுக்குப் போகினம்தான், ஆனா கனபேருக்கு யாழ்ப்பாணம், இல்லாட்டிச் சென்னை. போகவேணும், போறதில ஒரு பிழையும் இல்லை. முழங்கால் நோவோட பனிக்கட்டியில கால் வைக்கப் பயந்து அபார்ட்மென்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற ஒரு மனுசன், ஊரில காலமை எழும்பி கோயிலடி வரைக்கும் நடந்து போய் நாலு பேரோட கதைச்சுப்போட்டு வாறார் எண்டால் அதை விட நல்ல மருந்து என்ன இருக்கு.

நான் எழுத வந்தது அதைப்பற்றி இல்லை. எவ்வளவு காலம் வெளியில நிக்கலாம் எண்டு ஆரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருது, ஆறு மாசம். கோயில்ல கேட்டாலும் ஆறு மாசம், கல்யாண ஹோலில கேட்டாலும் ஆறு மாசம், ரிக்கெட் போடுற இடத்திலயும் ஆறு மாசம். அப்பிடி ஒரே ஒரு கணக்கு கனடாவில இல்லை. ஹெல்த் கார்டுக்கு ஒரு கணக்கு, பென்சன் காசுக்கு இன்னொரு கணக்கு, அமெரிக்க போர்டரில வேற, அமெரிக்க வரிக்காரருக்கு அதுக்கும் வேற, சிற்றிசன் எடுக்காமல் பி.ஆர். எண்ட நிரந்தர வதிவிடக் கார்டோட இருக்கிற ஆக்களுக்கு இன்னும் வேற. எங்கட பகுதி முதியோர் சங்கத்தில ஃபோம் நிரப்பிக் குடுக்கிறவன் எண்டபடியால, ஒவ்வொரு கோடைக்கும் கடிதத்தைக் கையில வச்சுக்கொண்டு வாற ஆக்களைப் பாத்துப் பாத்து மனம் பொறுக்கேலாமல்தான் இதை எழுதுறன்.

போன வருசம் ஒரு அம்மா வந்தவ. 73 வயசு, பிள்ளையள் ஸ்பொன்சர் பண்ணி வந்து 13 வருசம். கையில ஒரு பொலித்தீன் பை, அதுக்குள்ள பாஸ்போர்ட், குளிசைப் பெட்டி, உடைக்காத ரெண்டு கவர். ஒக்டோபர் கடைசியில ஊருக்குப் போனவ, பேத்தியின்ர சாமத்திய வீடு பிந்திப்போச்சு எண்டு யூன் முடியத்தான் திரும்பி வந்திருக்கிறா. கவரை உடைச்சுப் பாத்தால், மே மாசத்தில இருந்து குடுத்த பென்சன் காசைத் திருப்பிக் கட்டச் சொல்லி இருக்கு. பாஸ்போர்ட்டை மேசையில விரிச்சு, கட்டுநாயக்காவில குத்தின சீலில தேதியைத் தடவிப் பாத்து, விரலை மடிச்சு மாசம் எண்ணுறா. "ஆறு மாசம் எண்டுதானே தம்பி எல்லாரும் சொன்னவை, ஒண்டு ரெண்டு மாசம் கூடினாப்போல என்ன" எண்டு கேக்கிறா. அந்த ஒண்டு ரெண்டு மாசக் காசில அவவின்ர அறை வாடகை இருக்கு, மகளின்ர கையை எதிர்பாக்காமல் கோயிலுக்கு ஒரு அர்ச்சனை செய்யிற காசும் அதுக்குள்ளதான் இருக்கு.

அதால முதல்ல காசுக் கணக்கைச் சொல்லுறன், எங்கட பெரியாக்கள் கூட அடிபடுறது இதிலதான். வேலை செய்யேக்க சம்பளத்தில கட்டின சி.பி.பி. பென்சன் எங்க இருந்தாலும் வரும், அதில பயமில்லை. ஓல்ட் ஏஜ் பென்சன், அதுதான் ஓ.ஏ.எஸ்., 18 வயசுக்குப் பிறகு கனடாவில 20 வருசம் இருந்த ஆக்களுக்கு எவ்வளவு காலம் வெளியில நிண்டாலும் வரும். 20 வருசம் ஆகாத ஆக்களுக்கு, வெளிக்கிட்ட மாசத்தைச் சேர்க்காமல் அதுக்குப் பிறகு ஆறு மாசம் வரைக்கும்தான். மற்றது ஜி.ஐ.எஸ்., வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மேலதிகமாக் குடுக்கிற காசு, அது 40 வருசம் இஞ்ச இருந்த ஆளா இருந்தாலும் சரி, அந்த ஆறு மாசத்துக்கு மேல வெளியில நிண்டால் வராது. எண்பதுகளில வந்து தொழிற்சாலையில நிண்டு மாடா உழைச்ச ஆக்களுக்கு ஓ.ஏ.எஸ். தப்பும், ஜி.ஐ.எஸ். தப்பாது. பிள்ளையள் கூப்பிட்டு அறுபது வயசுக்குப் பிறகு வந்த தாய் தகப்பனுக்கு ரெண்டும் போகும். ஆகக் குறைஞ்ச காசில சீவிக்கிற ஆக்களுக்குத்தான் ஆகக் கூடின அடி, அவைக்குத்தான் இந்த விசயம் ஆகக் குறைவாத் தெரிஞ்சும் இருக்கு.

இதில ரிக்கெட் போட முதல் பாக்கவேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு. வெளிக்கிட்ட மாசத்தை கணக்கில எடுக்கிறேல்லை எண்டு சொன்னன்தானே, அப்ப ஒக்டோபர் 28 இல பிளேன் ஏறினால் நவம்பரில இருந்து எண்ணி ஏப்ரலோட ஆறு மாசம் முடியும். அதே ஆள் ஒரு அஞ்சு நாள் பொறுத்து நவம்பர் 2 இல ஏறினால் டிசம்பரில இருந்து எண்ணி மே வரைக்கும் போகும். அஞ்சு நாளில ஒரு மாசக் காசு. ரிக்கெட் 60 டொலர் மலிவு எண்டு ஒக்டோபர் கடைசியில போட்டுக்கொண்டு போற ஆக்கள் எத்தினை பேர், அவைக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. போன தேதி அரசாங்கத்துக்குத் தெரியாது எண்டு நினைக்கிறதையும் விடுங்கோ. தரைவழிப் போர்டரில 2019 யூலையில இருந்து, விமானத்தில 2020 யூனில இருந்து, கனடாவை விட்டு வெளிக்கிடுற ஒவ்வொருத்தரின்ர பதிவும் எல்லைப் பாதுகாப்பு ஆக்களுக்குப் போகுது, பென்சன் பகுதியும் அதைப் பாக்கலாம். முந்தி மாதிரி பாஸ்போர்ட்டில சீல் இருக்கோ இல்லையோ எண்ட கதை இப்ப இல்லை. போக முதல் சேர்விஸ் கனடாவுக்கு ஒரு கோல் எடுத்து, இன்ன தேதி போறன், இன்ன தேதி வாறன் எண்டு சொல்லிவிட்டால் பிறகு திருப்பிக் கட்டுற தலையிடி வராது, ஆங்கிலம் கஷ்டம் எண்டால் பேரப்பிள்ளை ஒண்டைப் பக்கத்தில வச்சுக்கொண்டு எடுங்கோ.

அடுத்தது ஹெல்த் கார்ட். ஒன்ராறியோவில ஓஹிப், அதுதான் மாகாண அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி, சொல்லுறது, எந்த 12 மாசத்தை எடுத்துப் பாத்தாலும் அதுக்குள்ள 153 நாள் மாகாணத்துக்குள்ள இருக்கவேணும், அப்பிடியெண்டால் 212 நாள் வெளியில நிக்கலாம், கிட்டத்தட்ட ஏழு மாசம். இதில கனபேர் ரெண்டு விசயத்தை மறக்கினம். ஒண்டு, ஜனவரியில இருந்து டிசம்பர் எண்டு கலண்டர் வருசம் பாக்கிறேல்லை, எந்த 12 மாசமும் எண்டால் எந்த 12 மாசமும்தான். மற்றது, மாகாணத்துக்கு வெளியில எண்டால் வெளிநாடு மட்டும் இல்லை, யூலையில வன்கூவரில மகளோட நிண்ட மூண்டு கிழமையும் அதுக்குள்ளதான் வரும், லண்டனில கல்யாணத்துக்குப் போன ரெண்டு கிழமையும் வரும். குளிருக்கு 200 நாள் நிண்டுபோட்டு கோடையில அங்க இஞ்ச திரிஞ்சால் 212 தாண்டினது கூடத் தெரியாமல் தாண்டிடும். அதுக்கு மேல நிக்கவேண்டின தேவை வந்தால் போக முதல் சேர்விஸ் ஒன்ராறியோவில கேட்டு அனுமதி எடுக்க வழி இருக்கு, போய்நிண்டு யோசிக்கிற விசயம் இல்லை அது. மொன்றியலில இருக்கிற எங்கட ஆக்களுக்கு வேற கணக்கு, கியூபெக்கில கலண்டர் வருசத்துக்குள்ள 183 நாள் மாகாணத்துக்குள்ள இருக்கவேணும், 21 நாளும் அதுக்குக் குறைஞ்ச பயணங்களும் கணக்கில வராது, ஏழு வருசத்துக்கு ஒருக்கால் அதைத் தாண்டி நிக்க விடுவினம். பிரிட்டிஷ் கொலம்பியாவில விடுமுறைக்குப் போனால் கலண்டர் வருசத்துக்கு ஏழு மாசம் வரைக்கும் விடுகினம். ரொரன்ரோவில இருக்கிற தமக்கை சொன்ன கணக்கை மொன்றியல் தங்கச்சி பிடிச்சுக்கொண்டு போகக்கூடாது.

இப்ப அந்த ஒக்டோபர் 28 ஆளைத் திரும்ப எடுங்கோ. ஜி.ஐ.எஸ். கணக்கு ஏப்ரலோட முடியுது, ஓஹிப் கணக்கு மே 28 வரைக்கும் போகுது, அந்த 12 மாசத்துக்குள்ள வேற பயணம் ஒண்டும் இல்லை எண்டால். புளோரிடாவுக்குப் போன ஆள் எண்டால் அமெரிக்காவில நிக்கலாம் எண்டு சனம் சொல்லுற 182 நாள், போன நாளையும் சேர்த்து எண்ணினால், ஏப்ரல் 27 ஓட முடியும். ஒரே ஆள், ஒரே பிளேன், மூண்டு முடிவு நாள். இதில எது முந்தி வருதோ அதுதான் உங்கட நாள்.

ஹெல்த் கார்ட் போனால் என்ன, திரும்பி வந்து எடுக்கலாம்தானே எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். நீங்கள் காசு குடுத்து வாங்கிற ட்ராவல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் மாகாண ஹெல்த் கார்ட் செல்லுபடியா இருக்கவேணும் எண்ட நிபந்தனையோடதான் வருது, கார்ட் போனால் அதுவும் சேர்ந்து போகும். அதுக்காக ஓஹிப் வெளிநாட்டில முழுச் செலவும் தரும் எண்டும் நினைக்கக்கூடாது, அவசரத்தில ஆஸ்பத்திரியில படுத்தால் நாளுக்கு ஆகக்கூடினது 400 டொலர், சாதாரண வார்ட் எண்டால் 200, படுக்காமல் காட்டிப்போட்டு வந்தால் 50 டொலர், அவ்வளவுதான். அந்தச் சின்னக் காசையும் 2020 ஜனவரியில ஒன்ராறியோ அரசாங்கம் நிப்பாட்டினது, கனேடியன் ஸ்நோபேர்ட் அசோசியேஷன் கோட்டுக்குப் போய் அந்த வருசம் செப்ரெம்பரில வெண்டு திருப்பி எடுத்தது. 1992 இல தொடங்கின சங்கம் அது, தங்கட ஆக்களுக்கு என்ன சட்டம் மாறுது எண்டு கண்ணில எண்ணெய் விட்டுக்கொண்டு பாக்குது. எங்களுக்கு எத்தினையோ ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் இருக்கு, ஆனா ஊருக்குப் போற பெரியாக்களின்ர இந்த விசயத்தைக் கையில எடுக்க ஒண்டும் முன்னுக்கு வரேல்லை எண்டது எனக்குப் பெரிய மனவருத்தம்.

இன்சூரன்ஸ் கதையில இன்னும் ஒண்டு. ஏற்கனவே இருக்கிற வருத்தம் குறிப்பிட்ட காலம் மாற்றமில்லாமல் இருந்திருக்கவேணும் எண்டு எழுதியிருப்பினம், சிலதில 90 நாள், சிலதில 180 நாள். போறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னால டொக்டர் பிரஷர் குளிசையின்ர அளவைக் கூட்டினாலே அது மாற்றம்தான், பிறகு அங்க நெஞ்சு நோவு எண்டு படுத்தால் காசு தரமாட்டினம். அதால குளிசை மாத்துறதெண்டால் கோடையிலேயே டொக்டரோட கதைச்சு மாத்துங்கோ, மாத்தினால் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லுங்கோ. குளிசை எண்டதும் ஞாபகம் வருது, 65 தாண்டின ஆக்களுக்கு ஒன்ராறியோ மருந்துத் திட்டத்தில வழமையா ஒருக்கால் 100 நாளுக்குத்தான் மருந்து தருவினம், அதுக்கு மேல பயணம் எண்டு காட்டினால் இன்னொரு 100 நாளுக்கும் சேர்த்துத் தருவினம், மொத்தம் 200. ஆக, 212 நாள் நிக்கப் போற ஆளுக்குக் கடைசிப் பன்னிரண்டு நாளுக்குக் குளிசை இல்லை. பார்மசியில போற அண்டைக்கு முதல்நாள் போய் நிண்டு அவதிப்படாமல் ரிக்கெட் பிரதியோட ரெண்டு மூண்டு கிழமைக்கு முன்னமே போங்கோ.

புளோரிடா போற ஆக்களுக்கும் கொஞ்சம் எழுதத்தான் வேணும், அங்க நிலைமை மாறிப்போச்சு. கனடாப் பாஸ்போர்ட்டுக்கு வழமையா ஒரு வரவுக்கு ஆறு மாசம் வரைக்கும் விடுவினம், ஆனா எவ்வளவு எண்டு முடிவெடுக்கிறது போர்டரில நிக்கிற ஒபிசர், ஒரு கிழமைக்கு வந்து போனால் கணக்கு புதுசாத் தொடங்கும் எண்டு நம்பி இருக்கக்கூடாது. அரை நாளும் ஒரு நாள்தான், போன நாளும் வந்த நாளும் சேரும். 2025 ஏப்ரல் 11 இல இருந்து 30 நாளோ அதுக்கு மேலயோ நிக்கிற ஆக்கள் பதிவு செய்யவேணும், பிளேனில போனால் ஐ-94 எண்ட வரவுப் பதிவு தானா ஆகிடும், அது போதும், காரில போன ஆக்கள்தான் தாங்களாப் பாத்துச் செய்யவேணும். அதே வருசம் டிசம்பர் 26 இல இருந்து கனடாக்காரர் உட்பட எல்லா வெளிநாட்டாரையும் போகேக்கையும் வரேக்கையும் படம் எடுக்கலாம் எண்டு விதி வந்திருக்கு, ஆகவே நாள் எண்ணுறது இனி மெஷின். குடுத்த தவணைக்கு மேல 180 நாளைத் தாண்டி நிண்டுபோட்டு வெளிக்கிட்டால் மூண்டு வருசத்துக்குத் திரும்ப உள்ளுக்க போகேலாது.

வரிக் கணக்கு அதுக்குள்ள இன்னொண்டு. இந்த வருச நாள் முழுசா, போன வருச நாளில மூண்டில ஒண்டு, அதுக்கு முதல் வருசத்தில ஆறில ஒண்டு, மூண்டையும் கூட்டி 183 வந்தால் அமெரிக்க வரிக்காரர் உங்களையும் தங்கட ஆள் எண்டு பாப்பினம். வருசா வருசம் 120 நாள் நிண்டால் 120, 40, 20, மொத்தம் 180, தப்பிட்டீங்கள். 150 நாள் நிண்டால் 225 வருது. அப்பிடி வந்தாலும் அந்த வருசத்தில 183 நாளுக்குக் குறைய நிண்டிருந்தால் ஃபோம் 8840 நிரப்பி என்ர வீடு வாசல், பிள்ளையள், பாங்க் எல்லாம் கனடாவில எண்டு சொல்லலாம், புருசனுக்கு ஒண்டு, பெண்சாதிக்கு ஒண்டு, யூன் 15 க்குள்ள. சும்மா ரெண்டு பக்கம்தான், அதைச் செய்யாமல் விடுறதுதான் ஆபத்து.

240 நாள் விடப் போறாங்களாம் எண்டு ஒரு கதையும் வட்சப்பில சுத்துது. 2025 இல அமெரிக்க காங்கிரஸில அப்பிடி ஒரு மசோதா வந்தது உண்மை, அங்க வீடு வாங்கின இல்லாட்டி வாடகைக்கு எடுத்த, 50 வயசு தாண்டின கனடாக்காரருக்கு எண்டு. மசோதா வேற, சட்டம் வேற. அது சட்டமா வந்தாலும் ஒன்ராறியோக்காரருக்கு ஓஹிப்பின்ர 212 அப்பிடியே இருக்கும், 240 நாள் நிண்டுபோட்டு வந்து ஹெல்த் கார்ட் இல்லாமல் நிக்கேலாது.

இன்னும் சிற்றிசன் எடுக்காத பெரியாக்கள் எங்கட பக்கம் கனபேர் இருக்கினம், சோதனைக்குப் பயந்தோ, ஊர்ப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாமலோ. அவைக்கு அஞ்சு வருசத்துக்குள்ள 730 நாள் கனடாவில இருக்கவேணும். ஒரு வருசம் நோய்வாய்ப்பட்ட தமையனைப் பாக்க எண்டு நிண்டு, அடுத்த வருசம் காணிப் பிரச்சினை எண்டு நிண்டு, அப்பிடியே கணக்குப் பிழைச்சு பி.ஆர். கார்டும் அங்க வச்சு முடிஞ்சுபோய், திரும்பி வர விண்ணப்பம் போட்டுக்கொண்டு அலையிற ஆக்களைக் கண்டிருக்கிறன். பிள்ளையளே, அப்பா அம்மாவின்ர கார்ட் எப்ப முடியுது எண்டு இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ. பூட்டிப்போட்டுப் போற வீட்டையும் பாருங்கோ, குளிர் காலத்தில ஆளில்லாத வீட்டை அடிக்கடி ஆராவது போய்ப் பாக்கவேணும் இல்லாட்டித் தண்ணியைப் பூட்டி வடிச்சுவிடவேணும் எண்டு வீட்டு இன்சூரன்ஸில எழுதியிருக்கும், பைப் வெடிச்ச பிறகு அந்தப் பக்கத்தைத் தேடி வாசிச்சுப் பயனில்லை.

சட்டம் கொடுமை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஜி.ஐ.எஸ். எண்டது இஞ்சத்தை வாடகை, இஞ்சத்தைச் சாப்பாட்டுச் செலவுக்குத் தாற காசு, அதுக்கு ஒரு எல்லை இருக்கிறது நியாயம். ஆனா அந்த எல்லையை எண்பது வயசு மனுசிக்கு விளங்கிற பாசையில சொல்லாமல், தாண்டின பிறகு ஆங்கிலத்தில கடிதம் போட்டு காசைத் திருப்பிக் கேக்கிறது நியாயம் இல்லை. எங்கட தொகுதிகளில வாக்குக் கேட்டு வாற ஆக்கள், எல்லாக் கட்சிக்காரரும், பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகினம், நல்லம், அவையளைக் கண்டால் எங்கட பெரியாக்களுக்கு இதைத் தமிழில ஒரு பக்கம் அடிச்சுத் தாங்கோ எண்டு நேரா கேளுங்கோ, நானும் கேக்கப் போறன்.

உங்களிட்டயும் ஒரு வேண்டுகோள். ரிக்கெட் விளம்பரம் வாற அதே பக்கத்தில, ஒரு பெட்டி போட்டு, ஓஹிப் 212 நாள், ஜி.ஐ.எஸ். வெளிக்கிட்ட மாசத்துக்குப் பிறகு ஆறு மாசம், பி.ஆர். அஞ்சு வருசத்தில 730 நாள், மருந்து 200 நாள் எண்டு பெரிய எழுத்தில ஒக்டோபர் முழுக்கப் போடுங்கோ. கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய எழுத்தா இருக்கட்டும். வெட்டி எடுத்து ஃபிரிட்ஜில ஒட்டுவினம், பாஸ்போர்ட்டுக்குள்ள வைப்பினம். விபரம் சரிபாக்க ஆள் வேணும் எண்டால் எங்கட சங்கத்தில ரெண்டு மூண்டு பேர் ஆயத்தமா இருக்கிறம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ